லூப் போட்டிருந்த காலம்

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து, அவள் தவழ ஆரம்பித்த சமயத்தில், ஆஸ்பத்திரி டாக்டரம்மா இனிமேல் பிள்ளை உண்டாகாமலிருக்க எனக்கு இருந்த வழிகளைச் சொன்னார். எனக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் மாத்திரை வேண்டாம் என்று அவரே விலக்கிவிட்டார். உறையை நம்பித்தான் மூன்றாவது பிறந்தாள். மிச்சம் கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப், இல்லாவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷன் ஆம்பிளைக்குத்தான் சுலபம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்குகிற வேலை இல்லை. ஆனாலும் ஆபரேஷன் செய்த ஆணுக்கு உடம்பில் வலு போய்விடும் என்று என் மாமியார் நம்பினார். பேரன் ஆசையையும் அவர் விடவில்லை.

"அம்மைக்குத் தெரிஞ்சா உயிர விட்டுருவா. நீ லூப்பே போட்டுக்கோ. அது வெளிய தெரியாதுல்லா" என்றார் கணவர்.

போட்டுக்கொண்டேன். அதிலிருந்து உதிரம் நிற்கவில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்காலியில் உட்காரப் பயந்து, நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தினேன். வெளிர் நிறச் சேலைகளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். சிலருக்கு அப்படித்தான், பொறுத்துப் பார் என்றார் டாக்டரம்மா. பொறுத்தேன். பிறகு அது பொறுப்பதாகவும் தோன்றவில்லை. குழம்பு வைப்பதுபோல, துணி அலசுவதும் ஒரு வேலையாகிவிட்டது.

அவசரநிலை வந்தது. ஆபரேஷன் செய்யாதவர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை என்று அலுவலகங்களில் நெருக்கினார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அந்த வருஷம் என் கணவர் திருநெல்வேலிக்கு டிரெயினிங் என்று போய்வந்து, காய்ச்சல் என்று படுத்திருந்தார். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம், என் உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, லூப்பை எடுத்துவிட்டு எனக்கே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. மாமியாரிடம் நாசரேத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பையில் துணி அடுக்கினேன். கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆபரேஷன் வேண்டாம். எனக்குப் பண்ணியாச்சு."

"எப்பம்?"

"திருநெல்வேலிக்குப் போனேம்லா, அப்பம்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா காதுக்குப் போய்விடும் என்று பயந்தாராம். பிறகு சொல்ல வெட்கமாக இருந்ததாம். அந்த மாதங்களில் நான் அலசிய துணிகள் அவர் கண் முன்னால்தான் கொடியில் காய்ந்தன. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவருக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா லூப்பை எடுத்துத் தட்டில் போட்டார். ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்று கேட்டார். வீட்டுக்காரருக்குச் செய்தாகிவிட்டது என்றேன். நல்ல மனுஷன் என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்த கையோடு வேலையிலிருந்து வந்த கணவர், மாமியார் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல், "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு."

நாசரேத்துக்குப் போகவில்லையா, எதை எடுத்தாய் என்று மாமியார் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கணவர், "பல்லு" என்றார்.

மாமியார் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வீங்கவில்லை என்றார். உள்ளே போய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். நான் முற்றத்தில் நின்று வாய் கொப்பளித்தேன்.