தமயந்தி டாக்டர் கழுவி எடுத்த தோள் வலி

செவ்வாய்க்கிழமை காலை புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் அறை நர்ஸ் வாசலில் வந்து நின்றார். "டாக்டரம்மா போயிட்டாங்க சார்" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "எப்ப வருவாங்க?" என்று கேட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு.

திண்டுக்கல்லில் எங்கள் சிறிய மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் தமயந்தியை உங்களில் பலர் அறிவீர்கள். நான் அங்கே எலும்பு அறுவை மருத்துவன். எங்கள் நட்பு ஒரு சண்டையில் தொடங்கியது என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது.

எரியோட்டிலிருந்து பேச்சியம்மாள் வந்திருந்தார். முருங்கைத் தோட்டத்தில் தொரட்டி பிடித்துக் காய் பறிப்பவர். வலது தோளின் தசைநாரில் சுண்ணாம்புச் சத்து கட்டியாகப் படிந்திருந்தது. மாத்திரை, பயிற்சி எதற்கும் அடங்கவில்லை. தலை பின்னக்கூடக் கை எழவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தேன். அன்று மதியமே தமயந்தி ஸ்கேன் படத்தோடு என் அறைக்கு வந்தார்.

"கத்தி வேணாம் டாக்டரே. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியால கழுவி எடுத்துரலாம். செத்த நேர வேலை."

"சரியாகலைன்னா யார் பதில் சொல்றது?"

"நான்தான்."

எரிச்சலோடுதான் கூட நின்றேன். மரத்துப்போக மருந்து போட்டு, திரையில் ஊசி முனையைப் பார்த்தபடி கட்டிக்குள் செலுத்தினார். உப்பு நீரை உள்ளே தள்ளித் தள்ளி இழுத்தார். சிரிஞ்சில் கரைந்த சுண்ணாம்பு அரிசி கழுவிய தண்ணீர் போல ஏறியது. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, இம்புட்டும் என் தோளுக்குள்ளயா கெடந்துச்சு?" என்றார்.

மூன்றாம் நாள் அவர் அழுதபடி திரும்பி வந்தார். "முன்னய விட வலிக்குது. என் கையக் கெடுத்துப்புட்டீக!" எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, இன்று எழுதவே கூசுகிறது. தமயந்தி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "வலி வரும்னு சொன்னேன். இம்புட்டு வரும்னு சொல்லாம விட்டது என் தப்புத்தேன்மா" என்றார். கட்டி கரையும்போது சிலருக்கு அப்படி வலி ஏறும். மருந்து கொடுத்து, ஐஸ் ஒத்தடம் வைத்து, வலி தணியும்வரை தினமும் தானே போன் செய்து விசாரித்தார்.

ஒரு மாதம் கழித்துப் பேச்சியம்மாள் கனகாம்பரம் சூடி வந்தார். "நானே பின்னுனது" என்று எங்கள் இருவருக்கும் முதுகைத் திருப்பிச் சடையைக் காட்டினார்.

அதன்பிறகு இப்படிப்பட்ட தோள்களை எல்லாம் தமயந்தியிடமே அனுப்பினேன். "நீங்க சொன்னதுதான் சரி" என்று மட்டும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து அறைதானே, எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நேற்று நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு தென்னை விவசாயி வந்தார். அதே சுண்ணாம்புக் கட்டி. படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறை வாசல்வரை போய்விட்டேன். நாற்காலி மேசைக்குள் தள்ளிவிடப்பட்டிருந்தது. திரும்பி வந்து, ஊசியால் கழுவி எடுக்கும் முறையை அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க டாக்டர், ஊசியிலயே செரியாப் போயிருமுங்களா?"

"பெரும்பாலும் போயிரும். ஆனா மொதல்ல சில நாள் வலி கூடலாம், ரொம்பவே கூடலாம். சிலருக்குக் கட்டி முழுசா வராது."

அவர் யோசித்தார். "இப்படி வெவரமாச் சொல்லிட்டா தாங்கிக்கலாமுங்க" என்றார்.

அவரை மதுரைக்கு அனுப்பி வைத்தேன். ஊசியால் கழுவி எடுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வரப்போகும் வலியை மறைக்காமல் சொல்வதை மட்டும் தமயந்தியிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அதைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் வழிக்கு வந்தீகளா டாக்டரே?" என்று சிரிக்க அவர்தான் இல்லை.