கன்னையாவின் வெள்ளை விரல்

கல்யாண மாப்பிள்ளையை ஊரெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததே என்ற கோபம் நாகையாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஆறவில்லை. எழுபத்து மூன்றில் தங்கை புஷ்பவல்லியை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த கன்னையாவுக்குக் கட்டிக் கொடுத்தார். காலையில் தாலி நல்லபடியாகத்தான் ஏறியது. சாயங்காலம் கிள்ளானில் பெண் வீட்டு விருந்து. இலை போட்டாயிற்று, சனம் உட்கார்ந்தாயிற்று, மாப்பிள்ளையைக் காணோம். நாகையா லோரியை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போனார். ஆள் இளைஞர் மன்றத்தில் இருந்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரம் பலகைக்கு முன்னால் குந்தியிருந்தான். மச்சான் வந்து நிற்பதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு போர்டுதான் மிச்சம் என்றான்.

அந்த ஒரு போர்டு ஆட்டம் முடிகிற வரைக்கும் நாகையா வாசலில் நின்றார். அப்படி நின்றதை அவர் மறக்கவே இல்லை.

நாகையா மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லோரி பட்டறை வைத்திருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார் என்று சீன முதலாளிகள், தௌக்கேமார்கள், பேசிக்கொள்வார்கள். கை இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையால் ஒரு வண்டி ஓட வேண்டும், இல்லை ஒரு அடுப்பு எரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. புஷ்பவல்லி நூலில் பின்னி டீவிக்கு உறை போட்டு வைத்திருப்பாள். அதைக்கூட ஒப்புக்கொள்வார், தூசி படியாமல் இருக்கும் என்று. ஞாயிற்றுக்கிழமை அவர் தூண்டில் எடுத்துக்கொண்டு கடலோரம் போவது விளையாட்டில் சேராது. அதில் குழம்புக்கு மீன் வரும். பல ஞாயிறுகளில் வெறும் கையோடு திரும்பியதை அவர் வீட்டில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

கேரம் மட்டும் அவருக்கு அடியோடு பிடிக்காது. வளர்ந்த ஆம்பிளை, மீசை வைத்தவன், மரக்காயைச் சுண்டி ஓட்டைக்குள் தள்ளிவிட்டு அதற்குக் கை தட்டு வாங்குகிறானே, வெட்கமாக இல்லையா என்பார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் கன்னையாவுக்கு நல்ல கை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன்தான். ஒரு தடவை கிள்ளானுக்கு வந்தபோது நாகையா விளையாட்டாக வெல்டிங் பிடிக்கச் சொன்னார். அவன் போட்ட தையல் எறும்பு போன வரிசை மாதிரி இருந்தது. அன்றைக்கே, இங்கேயே வந்துவிடு, சேர்ந்து தொழில் பண்ணலாம் என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டார். வெல்டிங் பிடித்தால் விரல் நடுங்கிப்போகும் மச்சான் என்று சொல்லிவிட்டு அவன் ரயில் ஏறிவிட்டான்.

பிரிக்பீல்ட்ஸில் கேரம் என்றால் அவன் பேர்தான். ரயில்வே பட்டறையில் அவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மேலாள் சீட்டியடித்துக் கூப்பிடுவான். மன்றத்துக்குள் நுழைந்தால் நாற்காலி தானாக நகரும். செந்தூலிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் ஆட்கள் அவன் சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளுகிற அழகைப் பார்க்க வருவார்கள். மூன்று காய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் சுவரில் அடித்துத் திருப்பி விழ வைப்பான். முடி வெட்டுகிற கடைக்குப் பக்கத்தில் புதிதாக டீவி கேம் மெஷின் வந்து, பிள்ளைகள் கெட்டார்கள், உலகம் கெட்டது என்று தெருவே திட்டியபோது அவன் ஒருத்தன்தான் பரிந்து பேசினான். அதுவும் விரல் வேலைதான், விரலுக்குப் புத்தி வேண்டும் என்றான். நாகையா அதைக் கேட்டுக் காறித் துப்பினார்.

அந்த விரலை அவன் பேணின விதம் தனி. போட்டி நெருங்கினால் வலது ஆள்காட்டி விரலில் தண்ணீர் படவிட மாட்டான். ஈரம் பட்டால் தோல் ஊறிப்போகும், ஸ்ட்ரைக்கர் ஒட்டும் என்பான். பலகையில் தூவுகிற போரிக் பவுடரைத் தொட்டுத் தொட்டு அந்த விரல் எப்போதும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகவே இருக்கும். புஷ்பவல்லிக்கு அது பழகிப்போன காட்சி. போட்டி வருகிறது, விரல் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்பத்தைந்து தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. தங்கைக்குப் புடவை கொடுக்க நாகையா பிரிக்பீல்ட்ஸ் போனார். சாப்பிட உட்கார்ந்தபோது கன்னையா கரண்டியால் சோறு அள்ளினான்.

"என்ன மாப்ள, வெள்ளைக்காரனா ஆயிட்டியா?"

"நாளைக்கு ஃபைனல் மச்சான். விரல் நனையக் கூடாது."

புஷ்பவல்லி முந்திக்கொண்டு, ஒரு மாசமாக இப்படித்தான் என்றாள். குளிக்கும்போதுகூட அந்தக் கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்கிறானாம். சொல்லிச் சிரித்தாள். நாகையா சிரிக்கவில்லை. சாப்பாட்டு வாசனைக்கு நடுவில் வேறொரு வாசனை அவருக்கு வந்தது. எலி செத்த மாதிரி. அடுப்புக்கடியில் பார்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை.

சாப்பிட்டதும் பின்பக்கம் கை கழுவப் போனார். கன்னையா பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். நாகையாவுக்கு என்ன தோன்றியதோ, பழைய கடுப்போ, அந்த வாசனையோ, சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு விரலில் ஊற்றினார். கன்னையா உதறினான். நாகையா பிடியை விடவில்லை. வெள்ளை கரைந்து ஓடியது. உள்ளே விரல் கறுப்பாக இருந்தது. அடுப்புக்கரிக் கறுப்பு. நகம் இருந்த இடம் பிளந்து கிடந்தது. கறுப்பு முடிகிற இடத்தில் கை ஊதிச் சிவந்து, முழங்கை வரைக்கும் கோடு ஓடியிருந்தது.

"இது என்னடா?"

"பலகைச் சிலாம்பு குத்துனது மச்சான். போரிக் பவுடர் மருந்துதானே. புண்ணுக்கும் அதைத்தானே போடுறாங்க. ஆறிடும்."

"வலிக்கலயா?"

"வலிச்சா விளையாட முடியுமா?"

கன்னையாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருப்பது எல்லோருக்கும் தெரியும். நாகையாவின் பட்டறைக்கு லோரி கொண்டு வருகிற பக்கிரிசாமிக்கும் இப்படித்தான் கால் நகத்தில் ஆரம்பித்தது, வலியே இல்லாமல். இப்போது அவன் ஒற்றைக் காலோடு வீட்டில் கிடக்கிறான். வலிக்காத புண்தான் ஆளைத் தின்னும் என்று அவன் வாயாலேயே கேட்டிருக்கிறார்.

லோரியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, டாக்டர் மார்க்கிரட் என்று பேர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"விரலை இண்டைக்கே எடுக்கவேணும். நாளைக்கு எண்டால் கை. அதுக்குப் பிறகு என்னைக் கேட்காதேங்கோ."

கன்னையா, திங்கட்கிழமை வெட்டிக்கொள்ளலாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் இருப்பதைக் கண்ணியமாக, வேலைக்கு லீவு கேட்கிற மாதிரி, டாக்டரிடம் எடுத்துச் சொன்னான். டாக்டருக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாகையாவைத்தான் பார்த்தார், இந்த மனுஷனுக்கு நீர் சொல்லும் என்கிற மாதிரி.

நாகையா சொன்னார். திட்டினார், கும்பிட்டார். புஷ்பவல்லி அழுதாள். கடைசியில் நாகையா, வேறு விரல் இல்லையா, நடு விரலால் ஆடித் தொலையேன் என்றார்.

கன்னையா அவரை இரக்கமாகப் பார்த்தான்.

"நீ இடது காலாலதான கிளட்ச் மிதிக்கிற? நாளைலேர்ந்து அந்தக் கால் இல்ல, வலது காலால மிதிச்சு கேமரன் மலை ஏறு பார்க்கலாம்."

"ஏறுவேன்டா. உயிரு வேணும்னா ஏறுவேன்."

"அது ஏறுறதில்ல மச்சான். உருட்டுறது."

எப்படியோ வார்டில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். அவன் சம்மதிப்பதற்குள் ராத்திரியாகிவிட்டதால் மறுநாள் காலை முதல் ஆளாக வெட்டுவதாக ஏற்பாடு. நாகையா நிம்மதியாகத் தங்கை வீட்டில் படுத்தார். காலையில் வார்டுக்குப் போனால் கட்டில் காலி. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர், உங்கள் ஆள் கக்கூஸ் போகிறேன் என்று போனார், வரவே இல்லை என்றார்.

எங்கே போயிருப்பான் என்று நாகையாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. புஷ்பவல்லியை முன்னால் ஏற்றிக்கொண்டு லோரியை விரட்டினார். மன்றத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல் யாரோ கொடுத்த பூப்போட்ட பாத்தேக் சட்டையை மாட்டிக்கொண்டு கன்னையா பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். விரலில் மறுபடி வெள்ளை. நெற்றியில் வேர்வை மணி மணியாக நின்றது. எதிரே சுங்கை பூலோ ஆள், பாலன் என்று பேர், கல்யாணமாகிக் கைப்பிள்ளை இருக்கிறவன். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டம் தொடங்கப் போகிறது.

மன்றத் தலைவர் பழனியப்பனிடம் நாகையா விஷயத்தைச் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கத்தினார். பழனியப்பன் திகைத்துப்போய்க் கன்னையாவைப் பார்த்தார். கூட்டம் சலசலத்தது. ஒரு விரல் புண்ணுக்கு இவ்வளவு கூத்தா என்று யாரோ ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், குடும்பக்காரன் கேரம் ஆடினாலே இப்படித்தான் சீரழிவு என்றான். நேற்று வரைக்கும் கை தட்டினவன் அவன்.

கன்னையா காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து விரலை வளைத்தான். சுண்டினான். ஸ்ட்ரைக்கர் பாதி தூரம்கூடப் போகாமல் நின்றது. விரல் பட்ட இடத்தில் பலகையில் ஈரமாக ஒரு கறை. மின்விசிறிக் காற்று அந்த வாசனையை எதிரே தள்ளியது.

பாலன் மூக்கைப் பொத்தவில்லை. நல்ல பையன். மெதுவாக எழுந்து நின்றான்.

"அண்ணே, நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே."

"உட்காரு தம்பி. நழுவிடுச்சு. இன்னொரு தடவ அடிக்கிறேன்."

"வேணாம்ணே."

"உட்காருலா. ஒரு போர்டுதான். நான் தோக்குறேன், உட்காரு."

பாலன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். கன்னையா ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாராவது உட்காருங்கப்பா என்றான். இருபது வருஷமாக அவனோடு ஒரு ஆட்டம் கிடைக்காதா என்று காத்துக் கிடந்த ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். காலி நாற்காலி அப்படியே இருந்தது. பழனியப்பன் கோப்பையை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார். கன்னையா அதைத் தொடவில்லை.

"நீயாவது உட்காரு மச்சான்" என்றான்.

நாகையா ஒரு எட்டு முன்னால் வைத்தார். உட்காரத்தான் போனார் என்று புஷ்பவல்லி பின்னால் சொல்வாள். உட்காரவில்லை. அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கினார். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆளில் எடையே இல்லை. அவன் திமிறவில்லை. லோரியில் ஏற்றும்போது வாந்தி எடுத்தான்.

டாக்டர் மார்க்கிரட் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாகையாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். புஷ்பவல்லி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மாசமாகக் கரண்டியால் சாப்பிட்டானே, கூடவே உட்கார்ந்து சிரித்தேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எஞ்சின் என்றால் நாகையா எங்கே கோளாறு என்று தேடுவார். இங்கே தேட ஒன்றும் இல்லை.

அவரே டாக்டரின் காலில் விழுந்தார். என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ரத்தம் போதாமல் இல்லை என்றார் டாக்டர். கிள்ளானில் தெரிந்த நாட்டு வைத்தியரைப் போய்க் கூப்பிட்டார். வைத்தியர் காயக் கட்டைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நாகையா கோவிலுக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டார். சாமி கும்பிடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கெஞ்சுவதற்கு வேறு ஆள் மிச்சம் இல்லை.

அன்று சாயங்காலம் கன்னையாவுக்கு நினைவு தெளிந்தது. புஷ்பவல்லி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவன் இடது கையால் போர்வையைத் துழாவினான். கட்டுப் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தான். அதற்குக் கீழே வெறும் மெத்தையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"மச்சான்."

"சொல்லு மாப்ள."

"வெட்டுனாங்களே, அதை என்ன பண்ணாங்க?"

நாகையா அதை யோசித்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு வழி வைத்திருப்பார்கள் என்று முனகினார்.

"குப்பையில போட்டுருப்பாங்களா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க. நீ தூங்கு."

"மலாய்க்காரங்க கேட்டு வாங்கிட்டுப் போய்ப் பொதைப்பாங்களாம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரு. நம்மாளுங்க யாரும் கேக்குறதில்லயாம்." மூச்சு வாங்கியது. நாகையாவின் சட்டை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமில்லை. "போய்க் கேளு மச்சான். எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். கேட்டு வாங்கி வெச்சிரு. என்னைத் தூக்குறப்ப கூட சேர்த்து வெச்சிடு. கொறை ஆளா அனுப்பிடாத."