மலையே இல்லாத உலகமும் ஒரு சாலை மறியலும்

1. பேருந்தில் வந்த யோசனை

தஞ்சாவூரிலிருந்து பேராவூரணி போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது பளிச்சென்று தோன்றியது. ஆறு, பாலம், வாய்க்கால், பாலம், மறுபடி ஆறு. நான் வேலை செய்யும் விளையாட்டில் ஆறுகள் ஒன்றுசேரும், பிரியவே பிரியாது. இங்கே எல்லாம் பிரிந்துகொண்டே போகிறது! பக்கத்தில் இருந்தவரிடம், "இதை இன்னும் யாருமே கம்ப்யூட்டர்ல கோட் பண்ணலைங்க!" என்றேன். அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். மூன்று பேர் கொண்ட சின்ன அலுவலகம். கட்டம் கட்டமாக உலகத்தைக் கட்டும் ஒரு கணினி விளையாட்டுக்கு மாட் செய்கிறோம். மாட் என்றால் வேறொருவர் செய்த விளையாட்டில் நாம் ஒட்டும் கூடுதல் பகுதி. எங்களுடையது உலகத்தைப் பெரிதாக்கும் மாட். ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் காடு, மலை, பாலை என்று நிலத்தை அதுவே கணக்குப் போட்டு உருவாக்கும். அதில் ஒவ்வொரு நிலவகையும் ஒரு பயோம். அறுபது புது பயோம் செய்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

2. அறுபது தட்டை

மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன். நஞ்சை, புஞ்சை, திடல், படுகை, உப்பளம், தென்னந்தோப்பு, நாற்றங்கால், அறுத்த வயல், அறுத்த வயலில் வாத்து மேயும் வயல். முதலாளி ஞானராஜ் சார் திரையில் தனக்கான பொம்மையை ரொம்ப நேரம் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, மலை எங்க?"

"டெல்டாவுல ஏது சார் மலை?"

"உசரமா எதுனா?"

"ஊருக்கு ஒரு தண்ணி டேங்க் இருக்கு சார்."

"அறுபதும் ஒண்ணாத்தாம்மா இருக்கு!"

"இல்ல சார். சிலதுல வாத்து இருக்கு."

அவர் மவுஸைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கெழம நமக்குப் பணம் போடுற பெங்களூருக்காரங்க டெமோ பாக்குறாங்க. அவங்களுக்குப் புடிச்சா உன் டெல்டா இருக்கும். இல்லன்னா மொத்தத்தையும் தூக்கிட்டுப் பனிமலை போட்டுருவேன்."

3. கருகிய பயிர்

எங்களுக்குச் சோதித்துக் கொடுப்பவர்கள் வளைகுடாவில் வேலை பார்க்கும் பதினோரு டெல்டாக்காரர்கள். அவர்களில் மூத்தவர் சித்திரவேல் அண்ணன், வேதாரண்யம் பக்கம். எல்லாரும் சேர்ந்து ஆடும் எங்கள் சர்வருக்குள் எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டலாம் என்றேன். கடலோரமாக, வாய்க்கால் முடியும் இடத்தில், அதாவது கடைமடையில் போய்க் கட்டினார். மற்ற பத்துப் பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

நான் எழுதிய தண்ணீர் விதி இதுதான்: வயல் காய்ந்தால் ஊர் மதகைத் திறக்கும், நிரம்பினால் மூடும். கடைசி ஊருக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் முதல் ஊர் வயல் காய்ந்து மறுபடி திறந்துகொள்ளும் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் எப்போதும் தண்ணீர் முதலில் வரும் தலைமடையில் நின்றுதான் சோதித்தேன். அங்கே பயிர் பச்சைப்பசேலென்று இருந்தது.

புதன்கிழமை அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பயிரு கருகுது."

"அண்ணே, அது பொம்மைப் பயிருண்ணே."

"பொம்மைன்னா கருகலாமா? ஊர்லதான் மேலத்திக்காரன் தண்ணிய மறிக்கிறான்னா இங்கயும் மறிக்கிறான். யாரு அவன்?"

"ஆளெல்லாம் இல்லண்ணே. கணக்கு அப்படி."

"எல்லா எடத்துலயும் அப்படித்தான் சொல்றாங்க."

"டெமோ முடியட்டும்ண்ணே, பாக்கலாம்."

பாக்கலாம். அந்த வார்த்தையைக் கடைமடைக்காரரிடம் நான் சொல்லியிருக்கவே கூடாது.

4. தாசில்தார் வந்தார்

வெள்ளி காலை. பெங்களூரு அம்மா திரையில் பார்த்துக்கொண்டிருக்க, சார் தன் பொம்மையை வண்டியில் ஏற்றி வயல் நடுவே ஓட்டினார். பாலத்தருகே வண்டி நின்றது. ரோட்டின் குறுக்கே பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பதினோரு காலிக்குடம்.

மைக்கை அணைத்துவிட்டு அவசரமாக டைப் செய்தேன். "அண்ணே, வழி விடுங்கண்ணே, டெமோ!"

"அதிகாரி வரட்டும்."

"நான்தாண்ணே எழுதுனது!"

"நீ பாவம், சின்ன ஆளு. தாசில்தார வரச் சொல்லு."

சார் என்னைப் பார்த்தார். நான் அவர் பொம்மைக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டேன். அது வண்டியிலிருந்து இறங்கியது. "கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று சார் டைப் செய்தார்.

"அதெல்லாம் கேட்டாச்சுங்க. என்னைக்கு வரும்? தேதி சொல்லுங்க."

"முறை வச்சு விட்டுரலாம் சார்," என்று கிசுகிசுத்தேன். "அஞ்சு நாள் கடைமடை, அஞ்சு நாள் தலைமடை. திங்கள்லேருந்து."

அதை அப்படியே ஒரு பலகையில் எழுதிப் பாலத்தில் நட்ட பிறகுதான் எழுந்தார்கள். குடங்களை எடுத்துக்கொண்டு, தாசில்தாருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் மனதுக்குள் பனிமலையைப் பார்த்துவிட்டேன். பெங்களூரு அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்: இந்தக் கிராமத்து பொம்மைகள் தாமாகவே இப்படிச் செய்கின்றனவா?

"ஆமாம்," என்றார் சார், கண்ணிமைக்காமல். "எல்லாம் தானாக உருவாவதுதான்."

மலை மற்ற எல்லா விளையாட்டிலும் இருக்கிறது, இது எங்கேயும் இல்லை, இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. ஆனால் இந்த மறியல் ஒவ்வொரு உலகத்திலும் வர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

5. இப்போது எழுதிக்கொண்டிருப்பது

திங்கட்கிழமை தண்ணீர் கடைமடைக்குப் போனது. முழங்கால் தண்ணீரில் தன் பொம்மை நிற்கும் படத்தை அண்ணன் அனுப்பினார். இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் எழுதிய நிரலைத் தலைமடையில் நின்று சோதிக்காதீர்கள். கடைசி வயலில் போய் நில்லுங்கள்.

டெல்டா தப்பித்தது. இனி மறியலுக்கும் நிரல் எழுத வேண்டும். வரிசை என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். "மொதல்ல மனு. அப்புறம் இன்னொரு மனு. அப்புறம் நோட்டீஸு. அதுக்கப்புறம்தான் ரோடு." எழுதிவிட்டேன். அதிகாரி தாமதமாக வருவதையும் எழுதிவிட்டேன், அது சுலபம். அவர் வாக்குக் கொடுத்த பிறகு தண்ணீர் வருமா என்பதில்தான் நிற்கிறேன். அதற்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வராது, ஒன்று என்றால் கட்டாயம் வரும்.

"எவ்வளவு வைக்கட்டும்ண்ணே?"

"ஒண்ணே வையி தங்கச்சி. எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."

ஒன்று வைத்தால் ரெண்டாவது மறியலே நடக்காது, பெங்களூருக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பாதி வை என்கிறார் சார். அடுத்த பதிப்பில் ஒன்றுதான் வைக்கப்போகிறேன்.