கைப்பேசியில் வந்த என் மகள்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன், எங்கள் தெரு முகாமில் ஒன்றரை வயது மகளுக்குத் தடுப்பூசி போட்டேன். முகாம் பேனரில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் சிரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மகளுக்குக் காய்ச்சல். நர்ஸ் முன்பே சொன்னதுதான். ஆனாலும் மனசு கேட்காமல், சுருண்டு படுத்திருந்தவளைப் படமெடுத்து, "இப்படித்தான் இருக்குமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரமே, மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை செய்யும் மஞ்சுளா போனை நீட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. இவங்க ஆட்சியில போட்ட ஊசியில செத்துப்போன கொழந்தையாம். நல்லவேளை, எம்பையனுக்கு நான் போடல."

படத்தில் என் மகள்.

வீட்டுக்குப் போன் போட்டு அவள் குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

எதிர்க்கட்சியில் இருக்கும் என் கொழுந்தனார்தான் படத்தைக் கட்சிக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். "காய்ச்சல்னுதான் அண்ணி போட்டேன். செத்துப்போச்சுன்னு எவன் சேத்தான்னு தெரியல."

அடுத்த முகாமில் பாதி நாற்காலிகள் காலி.

இப்போது குழந்தையின் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. முகாம் நாளில் லீவு போட்டுவிட்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முகாம் வாசலில் நிற்கிறேன். போன முறை ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்தாள். தன் போனில் இருந்த அந்தப் படத்தையும் பார்த்தாள்.

"இது வேற கொழந்தை" என்று சொல்லிவிட்டு, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.