மூட்டை அறையில் ஒரு குடித்தனம்

நெல் மூட்டை அடுக்கிய அறையில் எதிரொலி இருக்காது. கூடத்தில் உட்கார்ந்து நான் வாசித்து அனுப்பியதை, "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு மேடம்" என்று எங்கள் ஒலிப்புத்தகக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். வந்த கோபத்தில் வீட்டின் ஒவ்வொரு அறையாகப் போய்க் கைதட்டிப் பார்த்தேன். விலை ஏறட்டும் என்று அண்ணன் நவரைப் பட்டத்து நெல்லைப் போட்டு வைத்திருந்த பின்னறையில் மட்டும் சத்தம் அப்படியே அடங்கியது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஊர் சாப்பிட்டுவிட்டு அசந்து கிடக்கும் நேரத்தில், எலிப்புழுக்கை வாசனையோடு அதுதான் என் ஸ்டூடியோ.

பதிப்புரிமை தீர்ந்துபோன பழைய புத்தகங்களை வாசித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கட்டும் என்று இணையத்தில் போடுகிற தன்னார்வலர் கூட்டம் எங்களுடையது. எனக்கு வேலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். நாள் முழுக்கப் பட்டா, வருமானச் சான்று என்று தட்டிக்கொண்டிருப்பவளுக்கு வாரத்தில் ஒரு மதியமாவது நல்ல தமிழ் வாயில் வரட்டுமே என்றுதான் சேர்ந்தேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு நாவல்களில் சில அத்தியாயங்கள் வாசித்த பிறகு ஒரு பழைய நாடகம் எடுத்தார்கள். கப்பலேறிச் சம்பாதிக்கப் போகிற கணவன், வீட்டில் காத்திருக்கிற மனைவி. மூன்று அங்கம். மனைவி நான். நாடகம் என்றதும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் வீட்டில் அவரவர் வரிகளை மட்டும் தனியாகப் பேசி அனுப்புவோம். ஒருங்கிணைப்பாளர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றோடொன்று ஒட்டுவார். கணவனாகப் பேசியவர் யார், எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. புனைபெயர் மட்டும் ஒன்று வைத்திருந்தார்.

முதல் அங்கத்தை நான் விண்ணப்பம் படிப்பதுபோல்தான் படித்தேன். அப்புறம் அவருடைய பதிவு வந்தது. எதிரில் பேசுகிறவரின் தொனி தெரியட்டும் என்று வெட்டாத பதிவை எங்களுக்கு அனுப்புவார்கள். காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மாட்டினேன். "நீ இல்லாத இடத்தில் எனக்குப் பசியும் எடுப்பதில்லை" என்று கணீரென்று சொல்லிவிட்டு, உடனே குரலை இறக்கி, "இன்னா, சரியா கீதா?" என்று மைக்கைக் கேட்டார். சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கீரைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் வரி தடுக்கி, "ச்சே, பேஜாருப்பா" என்றார். அப்புறம் குக்கர் விசில். இருக்கிறதா என்பதற்குக் 'கீதா', சலிப்புக்குப் 'பேஜாரு'. சரிதான், நம்ம பக்கத்து ஆள்.

அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாடகத்து வசனம் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனாலும் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை எந்த ஆணும் என் காதில் சொன்னதில்லை. கேட்ட பிறகு அது வேண்டும் என்று இருந்தது.

இரண்டாம் அங்கம் அதற்குப் பிறகு பேசியது. "மேடம், என்ன ஆச்சு உங்களுக்கு? வேற ஆள் மாதிரி பேசியிருக்கீங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். தொண்டை சரியாகிவிட்டது என்றேன். அண்ணியை அப்படி ஏமாற்ற முடியவில்லை. "உள்ள யாராண்ட பேசிக்கினு கீது உன் தங்கச்சி?" என்று பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனைக் கேட்டதற்கு, அண்ணி முந்திக்கொண்டு, "அவ வூட்டுக்காரராண்ட. மூட்டைக்குப் பின்னால குடித்தனம் நடக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் சுட்டுக்கொண்டே.

கடையில் ஆண்குரல் கேட்டால் தலை தானாக நிமிரும். ஒருநாள் கவுன்ட்டருக்கு வெளியே, "சரியா கீதா பாருமா" என்று ஒரு குரல். எழுந்தே விட்டேன். பார்த்தால் பல் இல்லாத ஒரு பெரியவர், கையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். என்மேலேயே வந்த எரிச்சலில் அவர் கேட்காமலே இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் அங்கத்தில்தான் கணவன் திரும்பி வருகிறான். அவருடைய பதிவு வரவில்லை. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு குரல் கூடாது, ஒருவர் நடுவில் விட்டால் வேறொருவர் முதலிலிருந்து பேச வேண்டும், பழையதை எடுத்துவிடுவோம் என்பது எங்கள் விதி. அதாவது, அவர் வராவிட்டால் அந்தக் குரலே நாடகத்தில் இருக்காது. என் பங்கும் பாக்கி இருக்கும்வரை அவசரப்பட்டு வேறு ஆளைப் போடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ஜலதோஷம் என்றேன். கரன்ட் இல்லை என்றேன். அறையும் மைக்கும் தயாராக இருக்க, ஒவ்வொரு ஞாயிறும் மூட்டைமேல் சாய்ந்து அவருடைய பழைய பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்துவிடுவார் என்றுதான் நம்பினேன்.

ஒரு காலையில் அண்ணன் லாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்ணா."

"இன்னாத்துக்கு? எலி துன்றதுக்கா? இனிமே ரேட்டு ஏறாது."

மூட்டைகள் போன அறையில் என் செருப்புச் சத்தமே பெரிதாகக் கேட்டது. இனித் தள்ளிப்போட முடியாது என்று ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, கணவனாகப் பேசியவரிடமிருந்து ஏதாவது வந்ததா என்று நேராகவே கேட்டேன்.

"அவரா? அவர் அப்பவே விலகிட்டாரே மேடம். கம்பெனியில ஷிஃப்ட் மாறிடுச்சாம். புதுசா ஒருத்தர் மூணு அங்கமும் பேசிக் கொடுத்துட்டார். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

வெட்கத்தை விட்டு, இரண்டாம் அங்கத்தில் நான் பேசியதைப் பற்றி அவர் ஏதும் சொன்னாரா என்றேன்.

"அவர் யாரோட பதிவையும் கேட்டதில்லையாம் மேடம். நேரமில்லை, என் வரியை மட்டும் பேசி அனுப்பிடுறேன்னு முதல்லயே சொல்லிட்டார். எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்."

எல்லாருக்கும். அதில் நானும் அடக்கம், கிழவனாக நடித்தவரும் அடக்கம், ஒரே ஒரு வரி பேசிய தபால்காரரும் அடக்கம். அவர்மேல் ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அந்த மனிதர் என்ன செய்தார்? வேலைக்குப் போகும் அவசரத்தில், குக்கரை வைத்துவிட்டு, யாரோ எழுதிய வரிகளை ஒழுங்காகப் படித்தார். அவ்வளவுதான். நான்தான் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு கம்பெனி பஸ்ஸில் இப்போது அவர் தூங்கிக்கொண்டு போவார். எனக்கு இன்னமும் அந்தக் குரல் வேண்டும்.

அடுத்த ஞாயிறு, அறையின் நான்கு மூலையிலும் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு மூன்றாம் அங்கத்தைப் பேசினேன். கதவுக்கு உள்ளேயிருந்து மனைவி, "வாசலில் நிற்பது யார்?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு, மற்றவர் பதிலை ஒட்டுவதற்கு ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்க வேண்டும். கேட்டேன். சும்மா இருந்தேன்.

மறுநாள் கடைக்கு ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "பிரமாதம் மேடம். ஆனா நீங்க கேட்டுட்டு விடுற இடைவெளி எல்லாம் ரொம்ப நீளமா இருக்கு. நான் வெட்டிக்கட்டுமா?"

வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.