என் ஆயுளுக்குப் பின்

மூன்றே சொல். எழுதியவள் நான்.

அப்பாவுக்கு வடக்கனந்தலில் நிலம் இருந்தது. அதை இரண்டு அண்ணன்களுக்கும் முன்பே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கல்யாணத்தில் போட்டதே போதும் என்று நான் சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்தது மெட்ராஸில், திருவல்லிக்கேணியில், இரண்டு அறை கொண்ட ஒரு வீடு. அதில் அக்கா இருந்தாள். புருஷன் போன பிறகு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்து பிள்ளையைப் படிக்கவைத்தாள். அந்த வீடு அவளுக்கே போய்ச் சேர வேண்டும். மார்வலி வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை.

உயில் எழுதத்தான் நினைத்தார். கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவர் அப்பாவின் சிநேகிதர். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இங்க இருக்கற நெலத்துக்கு உயில் எழுதினா தொல்ல இல்ல. மெட்ராஸ் வூட்டுக்கு எழுதினீங்கன்னா, உங்களுக்கு அப்பறம் அந்தப் பொண்ணு ஹைகோர்ட்டுக்குப் போய் புரொபேட் வாங்கணும். கோர்ட் பீஸு, வக்கீல் பீஸுன்னு வூடே கரஞ்சிடும். உசுரோட இருக்கசொல்லவே செட்டில்மெண்ட் பண்ணி இப்பவே அவ பேருக்குக் குடுத்துடுங்க."

புரொபேட் என்றால், இந்த உயில் நிஜமானதுதான் என்று கோர்ட் தரும் சான்றாம். ஒரு காகிதத்தை நிஜம் என்று சொல்ல இவ்வளவு செலவா என்று நான் வாயைப் பிளந்தேன். அப்பாவால் மெட்ராஸ் வரை போக முடியாது. அதனால் கிணற்றோரம் அப்பா பேரில் மிஞ்சியிருந்த ஒரு சென்ட் நிலத்தையும் அதே பத்திரத்தில் சேர்த்து, கள்ளக்குறிச்சியிலேயே பதிய சிநேகிதர் வழி பண்ணினார். பத்திரத்தில் உள்ளூர் நிலம் துளி இருந்தாலும் இங்கேயே பதியலாம்; அந்தக் காலத்தில் அதற்கு இடமிருந்தது. வாசகத்தை ஒரு தாளில் எழுதி, முத்திரைத்தாளும் வாங்கி எங்கள் வீட்டில் கொடுத்து வைத்தார். வந்து எழுத வேண்டியது மட்டும் பாக்கி.

அதற்குள் யாருக்கோ பட்டா விஷயமாக மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனார். அந்த வாரம்தான் இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. அவர் மலையிலேயே மாட்டிக்கொண்டார். டீச்சரான நான் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் கிடந்தேன். அடுத்த வலி எப்போது வருமோ என்ற பயத்தில் அந்த வாசகத்தைப் பார்த்து என்னையே எழுதச் சொன்னார் அப்பா.

எழுதிக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். 'இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா இது. இன்னிலேர்ந்து எனக்கு ஒண்ணும் இல்லன்னு நானே கையெழுத்து போடணுமா?"

அவர் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு நானாக எழுதினேன்: 'நான் உள்ளவரை சகல உரிமையும் எனக்கே. என் ஆயுளுக்குப் பின் நீ அடைய வேண்டியது.' அப்பாவின் முகம் தெளிந்தது. என்னவோ சாதித்துவிட்ட மாதிரி எனக்கும் பெருமை.

வழி திறந்ததும் சிநேகிதர் இறங்கி வந்தார். பதிவு ஆபீஸில் ஒரு வாரக் கூட்டம் நெரிந்தது. தாள்களைப் புரட்டினார். "உன் எழுத்த நான் வேற படிச்சிப் பாக்கணுமா" என்று சிரித்தபடி கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார். முத்திரைச் செலவோடு காரியம் முடிந்தது என்று எல்லாரும் காப்பி குடித்தோம்.

சில வருடங்களில் அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டைத் தன் பேருக்கு மாற்ற அக்கா மெட்ராஸில் ஒரு வக்கீலிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் கடைசித் தாளை இரண்டு தடவை படித்தார்.

"மேல செட்டில்மெண்ட்னு எழுதியிருக்கு. உள்ள இருக்கறது உயில். அவர் இருந்தவரைக்கும் இவங்களுக்கு எதுவுமே போகலையே. புரொபேட் வாங்கித்தான் ஆகணும்."

எதற்குப் பயந்தோமோ அதையே நான் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டை இன்றே அவளுக்குக் கொடுத்து, குடியிருக்கும் உரிமையை மட்டும் ஆயுள்வரை அப்பாவுக்கு வைத்திருந்தால் போதுமாம்.

கோர்ட்டுக்கு அண்ணன்களின் சம்மதம் வேண்டியிருந்தது. சின்னவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். நிலத்தில் நல்ல பாகத்தை வாங்கிக்கொண்ட பெரியவன், பின்னறையைத் தந்தால்தான் கையெழுத்து என்று கூசாமல் சொன்னான். செலவுக்குத் தையல் மெஷினும் போயிற்று. எல்லாம் முடிந்தபோது அக்காவுக்கு மிஞ்சியது மெஷின் இல்லாத முன்னறை.

அதையெல்லாம்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது அன்றைக்கு அந்த வக்கீல் ஆபீஸில் நடந்த ஒன்று. "யாரும்மா இதை எழுதினது?" என்று வக்கீல் எரிச்சலோடு கேட்டார். அவர் சொன்னது எதுவும் அதுவரை அக்காவுக்குப் புரியவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"என் தங்கச்சிதாங்க. டீச்சரு. எழுத்தப் பாருங்க, அச்சு அடிச்ச மாதிரி இருக்குது."