பீப்பாவைக் கண்டால் நிற்கும் வேன்

போன வியாழக்கிழமை ஒரு தார்ப் பீப்பாவைக் கண்டு வேனை நிறுத்தினேன்.

நிறுத்தியதோடு விட்டேனா? உள் லைட்டைப் போட்டேன். கண்ணாடியை இறக்கினேன். ஹேன்ட்பேக்கிலிருந்து ஐடென்டிட்டி கார்டை எடுத்து, ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

கொழும்பில் இதிலென்ன புதினம் என்று கேட்பீர்கள். ஒரு புதினமும் இல்லை — அது சோதனைச்சாவடியாக இருந்திருந்தால்! அது லைசன் பரீட்சைத் திடல். பக்கத்து சீட்டில் இருந்தவர் பரீட்சகர். பீப்பாவுக்குப் பின்னால் ஆமியும் இல்லை, பொலிஸும் இல்லை. ஒரு காகம் மட்டும் இருந்தது.

ஓம்... அறுபது தாண்டிய நான் வேன் லைசனுக்குப் போனேன். இவ்வளவு நாளும் உங்களுக்கு மூச்சு விடவில்லை. பெயிலானால் அடுத்த கிழமை எந்த முகத்தோடு இந்தப் பத்தியை எழுதுவது?

இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று சொல்கிறேன்.

இவர் — என் வீட்டுக்காரர் — துறைமுக வேலையை விட்டு வந்த கையோடு ஒரு வேன் வாங்கினார். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளை பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பாடசாலைகளுக்கு ஏற்றி இறக்கினார். நான் கதவடியில். கதவைத் திறப்பது, மூடுவது, உருண்டுபோன தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுப்பது... அவ்வளவுதான். கதைப்பதெல்லாம் இவர். எனக்கும் அதுதான் வசதி.

பிறகு சீனி வருத்தம் இவருடைய கண்ணைப் பிடித்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு ஒரு இளம் ட்ரைவரை வைத்தோம். தங்கமான பிள்ளை. ஆனால் தமிழ்ப் பெயரும் வடக்கில் பிறந்த ஊரும் ஐடென்டிட்டியில் இருக்கிறதே! ஒரு காலையில் சோதனைச்சாவடியில் அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள். விசாரித்து விடும்போது மத்தியானம். அதுவரை பிள்ளைகள் வேனுக்குள் வேர்த்து அழுதுகொண்டு இருந்தார்கள். அவன் பயந்து வேலையை விட்டு நின்றுவிட்டான். அடுத்து வந்தவனுக்கும் இதே கதை.

தாய்மார் வீட்டுக்கு வந்தார்கள்.

"அங்கிள், கோவிக்காதீங்க. இந்தப் பள்ளித் தவணை ஓடட்டும். அடுத்த தவணைக்கும் இப்படித்தான் எண்டா நாங்க வேற வேன் பாக்கிறம்."

அவர்களைப் பிழை சொல்ல முடியுமா? ஆனால் அந்த வேனை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

அன்று சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். "நான் பழகட்டா?"

"என்னத்த?"

"வேனை."

இவருக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "நீயா? பஸ்ஸில 'பஹினவா' எண்டு சொல்ல வெக்கப்பட்டு, வேற ஆராவது இறங்குற பஸ் ஹோல்ட் வரைக்கும் போய், திரும்பி நடந்து வாற ஆள் நீ!"

உண்மைதான். இறக்கம் என்று சத்தமாகச் சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது. ஆனால் வேன் ஓட்ட வாயா வேண்டும்?

"என்னய மாதிரிக் கிழவிய ஆரு பிடிச்சிட்டுப் போகப்போறான்?" என்றேன்.

இவருடைய சிரிப்பு நின்றது. "நாளைக்கே போ" என்றார்.

வெள்ளவத்தையில் ஒரு லேர்னர்ஸ். வாசலில் பெரிய போர்ட் — அரசாங்க அங்கீகாரம் பெற்ற சாரதிப் பயிற்சி என்று. கீழே வரிசையாகப் படங்கள். மோட்டார் சைக்கிள், த்ரீவீலர், கார், வேன், லொறி, பஸ். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோர்ஸ். கவுன்டரில் இருந்த பிள்ளை என்னைக் கண்டதும், "மகனுக்கா அன்டி?" என்றது. இல்லை என்று தலையை ஆட்டினேன். "மகளுக்கா?" அதற்கும் ஆட்டினேன். பிறகு புரிந்துகொண்டு, "அப்ப உங்களுக்கு ஒட்டோ கார் கோர்ஸ் போடுவம். கியர் இல்ல, லேசு."

வேன் படத்தில் விரலை வைத்தேன். எடுக்கவில்லை.

தியரி வகுப்பு முழுக்க இளம் பிள்ளைகள். வெள்ளவத்தை லொட்ஜ்களில் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். போகிற நாட்டில் கார் ஓட்டத் தெரிந்தால் உதவும் என்று பழகுகிறார்கள். ஒருவன் என் பக்கம் சாய்ந்து கேட்டான்.

"அன்ரி, நீங்களும் கனடாவோ?"

"இல்ல தம்பி. கொட்டாஞ்சேனை."

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்தால்தான் உள்ளே போகும். மெதுவாக வாசித்தால் என்ன, கேள்வி ஓடியா போகப்போகிறது? எழுத்துப் பரீட்சையில் முதல் தரமே பாஸ்!

வேன் பழக்கியவர் பெரேரா மாஸ்டர். கிராண்ட்பாஸில் பிறந்து வளர்ந்த சிங்களவர். தமிழில் எங்களைவிட நன்றாக ஏசுவார்.

"அம்மா, அது க்ளச்சு! தையல் மெஷின் இல்ல!"

அதைக்கூடப் பழகிவிட்டேன். ஹோர்ன் அடிக்கத்தான் முடியவில்லை. வெட்கம்.

"ஹோர்ன் அடிங்க அம்மா!"

"பாவம் மாஸ்டர்... அந்த மனிசன் தன்ட பாட்டுல போறார்."

"அவர் தன்ட பாட்டுல போகல்ல, உங்கட டயருக்குக் கீழ போறார்!"

கோர்ஸில் இல்லாத ஒரு பாடத்தையும் மாஸ்டர் படிப்பித்தார். கொழும்பின் பெரிய ரோடான காலி வீதியில், தார்ப் பீப்பாவால் மறித்த சோதனைச்சாவடிப் பக்கமாகவே தினமும் கொண்டுபோவார். "பெரல் கண்டா ஸ்லோ பண்ணுங்க. நிப்பாட்டுங்க. உள் லைட்டப் போடுங்க. கண்ணாடிய இறக்குங்க. ஐடென்டிட்டி கையில. அவன் கை காட்டினாத்தான் அசையோணும். ரிவர்ஸ் மட்டும் எடுக்கவே கூடாது! தப்பி ஓடுறீங்க எண்டு நெனச்சு சுட்டுப்போடுவான்."

இதை மட்டும் நான் மறக்கவே இல்லை. கண்ணில் பீப்பா பட்டால் போதும், கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். பகலோ இரவோ, கை தானாக உள் லைட்டைப் போட்டுவிடும்.

இனி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

பரீட்சைத் திடல் நுகேகொடையையும் தாண்டி. ரோட்டில் ஓட்டிக் காட்டினேன், ஒரு குறையும் இல்லை. ரிவர்ஸ் மட்டும்தான் பாக்கி. அந்த இடத்துக்கு எப்போதும் கம்புதான் நட்டிருப்பார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அன்று பார்த்து யாரோ இரண்டு தார்ப் பீப்பாவை உருட்டி வைத்துவிட்டார்கள்! வெள்ளைக் கோடு அடித்த, அச்சொட்டாக அதே பீப்பா.

அப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேனே.

"என்ன இது?" என்றார் பரீட்சகர் சிங்களத்தில்.

"ஐடென்டிட்டி, சேர்."

அவர் ஐடென்டிட்டியைப் பார்த்தார். பட்டப்பகலில் எரிகிற உள் லைட்டைப் பார்த்தார். பீப்பாவைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"அம்மே, இந்த பெரலுக்குப் பின்னால துவக்கோட ஆரும் இல்ல. கொஞ்சம் முன்னால எடுத்து, ரெண்டு பெரலுக்கும் நடுவுல ரிவர்ஸ் எடுங்க."

முன்னால் எடுத்தேன். கியரையும் ரிவர்ஸில் போட்டேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பீப்பா... பிரேக்கிலிருந்து கால் எழும்பவே இல்லை! ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமலா? வெறும் வளவில் செங்கலை வைத்து எத்தனை தடவை எடுத்திருக்கிறேன். ஆனால் பீப்பாவுக்கு முன்னால், யாரும் கை காட்டாமல், எப்படி அசைவது?

பரீட்சகர் பொக்கெட்டிலிருந்து பேனையை எடுத்தார். ஒரு கோடு போட்டால் முடிந்தது. திங்கட்கிழமை தவணை தொடக்கம். மறுபடி பரீட்சைக்குத் திகதி கிடைக்கும்போது எங்கள் பிள்ளைகள் வேறு வேனில் ஏறிவிட்டிருப்பார்கள்.

அப்போதுதான் நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு அரசாங்க உத்தியோகத்தருக்கு வேலை சொன்னேன்.

"சேர், இறங்கி அந்தப் பெரலுக்குப் பக்கத்துல நில்லுங்க. நிண்டு கை காட்டுங்க. கை காட்டினா நான் வருவன்."

என் குரல்தானா? எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்து... இறங்கினார்! நடந்துபோய் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். சட்டையை இழுத்து விட்டார். நெஞ்சை நிமிர்த்தி, ஆமிக்காரன் மாதிரியே கையை ஆட்டினார்.

"எண்ட! எண்ட!"

வா என்கிறார். பிறகென்ன? ஊசிக்குள் நூல் போகிற மாதிரி வேன் பின்னால் போய் இரண்டு பீப்பாவுக்கும் நடுவில் நின்றது.

வேலியோரம் தங்கள் முறைக்கு நின்ற வெள்ளவத்தைப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். "அன்ரி, கனடாவையே பிடிச்சிட்டியள்!" பெரேரா மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அந்த மனிசன சீட்டால இறக்கின ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பரீட்சகர் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். "பாஸ். செக்பொயின்ட்ல மட்டும் ஆரையும் இப்படி வேலை வாங்கிடாதீங்க, அம்மே."

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பட்டணத்தில் நாங்கள் நிற்பதற்கு எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டோம்! நில் என்று சொல்ல மூலைக்கு மூலை ஆள் இருக்கிறது. போ என்று கை காட்டத்தான் ஆளில்லை. அந்தக் கையைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டுத்தான் பாருங்களேன்... சில பேர் இறங்கியும் வருகிறார்கள்.

திங்கட்கிழமை காலை வேனில் ஒரு சீட்டும் காலியில்லை. தாய்மார் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வேனுக்கே சிலுவை போட்டு அனுப்பினாள். கதவடியில் இப்போது இவர். தண்ணீர்ப் போத்தலைத் தடவித் தடவி எடுத்துக் கொடுக்கிறார்.

சோதனைச்சாவடி. பீப்பா. ஸ்லோ பண்ணினேன், நிறுத்தினேன், உள் லைட், கண்ணாடி, ஐடென்டிட்டி. இளம் ஆமிக்காரன் ஒருவன் வந்தான். என்னைப் பார்த்தான். என்னைத் தாண்டி உள்ளே பார்த்தான். கதவடியில் இவரைப் பார்த்தான்.

"ட்ரைவர் கோ?"

ட்ரைவர் எங்கே என்று கேட்கிறான்! பின்னாலிருந்து இவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

"மம தமய்!" என்றேன். நான்தான்! வேன் முழுக்கக் கேட்கும்படி.

அவன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். முதல் கியர், இரண்டாம் கியர்... கொஞ்ச தூரம் போனதும் ஹோர்னையும் ஒரு தரம் அடித்துப் பார்த்தேன். குறுக்கே யாரும் வரவில்லை. சும்மாதான்.

பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: "வேன் அன்டி... உங்களுக்குக் கதைக்கவும் தெரியுமா?"